இதமான ஒலி ஆம்ப்ளிஃபையருக்குள்ளா இருக்கிறது?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் சில வீடுகளில் சோபா மாறும். சில வீடுகளில் தொலைக்காட்சி மாறும். பாட்டுப் பைத்தியம் உள்ள வீடுகளில் ஸ்டீரியோ செட் மாறும். அப்பாவோ மாமாவோ கடைக்குப் போய், "சத்தம் இதமா இருக்கணும், காதைக் குத்தக் கூடாது" என்பார். கடைக்காரர் உடனே, "அப்படின்னா வார்ம் சவுண்ட் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையரா எடுங்க" என்று இரண்டு மடங்கு விலையுள்ள பெட்டியைக் காட்டுவார். அதற்குள் கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் விலை இன்னும் ஒரு படி ஏறும்.

மாணவர்களே, அந்த நேரத்தில் உங்கள் குடும்பத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருப்பவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதமான ஒலி வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்த ஆசைக்காக ஆம்ப்ளிஃபையரில் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைக் கொட்டுவது தேவையற்றது. இதம் பெரும்பாலும் ஸ்பீக்கரிலும், அறையிலும், பலர் தொடவே பயப்படும் இரண்டு குமிழ்களிலும் இருக்கிறது.

இதத்தை அளக்க டெர்மாமீட்டர் கிடையாது. ஆனாலும் அது அளவைக்குள் வராத மாயம் இல்லை. மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நீங்கள் பள்ளியில் ஃப்ரெகுவென்சி என்று படிப்பதைத்தான் தமிழில் அதிர்வெண் என்கிறோம். டி.எம்.சௌந்தரராஜன் குரலின் கனம், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம், இவையெல்லாம் பெரும்பாலும் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்பவை. ஜால்ராவின் சிலுசிலுப்பும், பாடகர் 'ஸ' என்று சொல்லும்போது வரும் சீறலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்திலும் அதற்கு மேலும் இருப்பவை. முதல் வகை கொஞ்சம் தூக்கலாகவும் இரண்டாவது வகை கொஞ்சம் அடங்கியும் இருந்தால் நாம் 'இதம்' என்கிறோம். அளவு மீறினால் குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். நேர்மாறாகப் போனால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும்.

இப்போது ஆம்ப்ளிஃபையரின் வேலை என்ன என்று பாருங்கள். சிடி பிளேயர் அதிகபட்சமாக 2 வோல்ட் அளவுக்குச் சமிக்ஞை தருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க 20 வோல்ட் வேண்டும். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 400 வகுத்தல் 8, சரியாக 50 வரும். ஆகவே ஆம்ப்ளிஃபையர் அந்த 2 வோல்ட்டைப் பத்து மடங்காக்கி, கூடவே ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு மின்னோட்டத்தையும் தருகிறது. அலையின் வடிவம் மட்டும் மாறக் கூடாது. நகலெடுக்கும் இயந்திரத்தில் படத்தைப் பெரிதாக்குகிறோம், முகத்தின் நிறம் மாறினால் இயந்திரத்தில் கோளாறு என்போம் அல்லவா? எந்தப் பாட்டைப் போட்டாலும் இதமாக்கும் ஆம்ப்ளிஃபையர், எந்தப் படத்தைப் போட்டாலும் கொஞ்சம் மஞ்சள் பூசும் நகல் இயந்திரத்தைப் போன்றது.

இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் நாம் கேட்கும் அதிர்வெண் முழுவதையும் அரை டெசிபலுக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தோடு பெருக்குகின்றன. நல்ல ஸ்பீக்கரிலேயே 3 டெசிபல் கூடுதல் குறைச்சல் சகஜம். அந்த ஸ்பீக்கரை வீட்டு ஹாலில் வைத்ததும் அடித்தொனியில் 10 டெசிபல் வரை மேடும் பள்ளமும் விழும். அரை டெசிபல் ஒருபக்கம், 10 டெசிபல் மறுபக்கம். எதைச் சரிசெய்யப் பணம் செலவழிப்பீர்கள்?

"அப்படியானால் வால்வு ஆம்ப்ளிஃபையர் இதமாக ஒலிப்பது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. வால்வு என்பது வெற்றிடக் குழாய். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த ஆடியான் குழாய் அந்தப் பரம்பரையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த பிறகு வால்வு மெல்ல ஒதுங்கியது. 1960களில் வந்த முதல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில், அலை மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்குக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு முறிவு இருந்தது. மெல்லிய ஓசையில்தான் அது நன்றாகக் கேட்கும். டிரான்சிஸ்டர் வறட்டு ஒலி என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம். முறிவு எப்போதோ சரிசெய்யப்பட்டுவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் சரியாகவில்லை.

வால்வு பெட்டிகளின் இதத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். முதலாவது, சீரிசைகள். ஒரு ஸ்ருதியின் ஸா 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர் அலையைச் சற்றே வளைத்துவிட்டால், மூலத்தில் இல்லாத 480, 720, 960 ஹெர்ட்ஸ் ஒலிகள் புதிதாக முளைக்கும். இவைதான் சீரிசைகள். 480 என்பது மேல் ஸ்தாயி ஸா. 720 அதற்கு மேலுள்ள பா. கர்நாடக சங்கீதம் கற்பவர்களுக்கு இது புதிதல்ல, தம்புராவின் ஒரே தந்தியில் இத்தனையும் கேட்கும். ஒற்றை வால்வால் இயங்கும் எளிய சுற்றுகளில் இரண்டாவது சீரிசைதான் மிகுதி. ஸாவோடு மேல் ஸா சேர்வதால் காதுக்கு உறுத்தாது, குரல் சற்றுப் பருத்ததுபோல் தோன்றும். ஏழாவது, ஒன்பதாவது என்று மேலே போகப் போகத்தான் கரகரப்பு வரும்.

ஆனால் 'வால்வு என்றால் இரட்டைச் சீரிசை, ஆகவே இனிமை' என்று பலர் மனப்பாடமாகச் சொல்வது பாதி உண்மைதான். இரண்டு வால்வுகள் ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் வகைச் சுற்றுகளும் ஏராளம். அவற்றில் இரட்டைச் சீரிசைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்துசெய்துவிடும்.

இரண்டாவது காரணத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது, படிவம் 5 மாணவர்கள் தாளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கும். அது ஒரு குத்துமதிப்பு. உண்மையில் அந்த மதிப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஒரு ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸில் 6 ஓம், கூம்பு இயல்பாக அதிரும் 60 ஹெர்ட்ஸில் 30 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். ஆம்ப்ளிஃபையருக்குள்ளும் ஒரு சிறு மின்தடை உண்டு, மின்கலத்துக்குள் அகமின்தடை இருப்பதைப்போல. வால்வு பெட்டியில் அது 2 ஓம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் இரண்டுக்கும் இடையே பங்கிடப்படும். 200 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது எட்டில் ஆறு பங்கு, அதாவது 0.75. 60 ஹெர்ட்ஸில் 32இல் 30 பங்கு, ஏறக்குறைய 0.94. வித்தியாசம் கிட்டத்தட்ட 2 டெசிபல். யாரும் எந்தக் குமிழையும் திருகாமலே அடித்தொனி 2 டெசிபல் உயர்ந்துவிட்டது! டிரான்சிஸ்டர் பெட்டியின் அகமின்தடை 0.05 ஓம் என்று போட்டால் அதே வித்தியாசம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆக, வால்வு ஆம்ப்ளிஃபையர் தருகிற இதத்தில் ஒரு பகுதி ஒரு மறைமுக பேஸ் குமிழ். அதைத் திருகுவது நீங்கள் அல்ல, உங்கள் ஸ்பீக்கர். வேறு ஸ்பீக்கரை மாட்டினால் உயரும் இடமும் அளவும் மாறிவிடும். "இந்த ஆம்ப்ளிஃபையர் வார்ம்" என்ற வாக்கியம், எந்த ஸ்பீக்கரோடு என்று சொல்லாதவரை, முழுமையாகாது.

இதை ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985இல் 'ஸ்டீரியோஃபைல்' என்ற ஒலிக்கருவிப் பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். நீங்கள் மெச்சும் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர் எதுவானாலும் கொடுங்கள், என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியை அதேபோல் ஒலிக்க வைக்கிறேன் என்றார். பத்திரிகையினர் கொடுத்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். கார்வர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார். மிச்சம் சுருங்கிச் சுருங்கி ஏறக்குறைய மறையும்வரை தன் சுற்றில் சிறு சிறு மாற்றங்களைச் செய்தார். இரண்டு நாள்களில் வேலை முடிந்தது. பழுத்த காதுள்ள ஆசிரியர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது அந்தக் கழித்தல்தான். 'ஆன்மா', 'உயிர்ப்பு' என்றெல்லாம் வர்ணிக்கப்பட்டதை ஒருவர் கழித்து எடுத்து அளவுகோலில் வைத்துவிட்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். நம்மில் பலர் அடுக்குமாடியிலோ வரிசை வீட்டிலோ இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் பாட்டை மெதுவாகத்தான் வைக்க முடியும். மெதுவாக வைத்ததும் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அதற்குப் பழைய ஆம்ப்ளிஃபையரைக் குறைசொல்லிப் புதியது வாங்குகிறவர்கள் உண்டு. குற்றவாளி நம் காது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறதோ, 100 ஹெர்ட்ஸில் அதே சத்தம் தோன்ற 60 டெசிபலுக்கும் மேல் வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் இந்த இடைவெளி குறையும், தணித்தால் அடித்தொனிதான் முதலில் காணாமல் போகும். சில ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னெஸ்' என்றொரு பொத்தான் இருக்கும். மெதுவாகக் கேட்கும்போது அடித்தொனியைத் தூக்கிக்கொடுக்கத்தான் அது. சத்தமாகக் கேட்கும்போது அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் அடுக்குமாடிகளுக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அறை. மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. இதுதான் நம் ஹால்களின் பொது அமைப்பு. வெயிலுக்குக் குளிர்ச்சி, ஒலிக்குக் கொடுமை. மேல்தொனி எல்லாம் சுவருக்குச் சுவர் தெறிக்கும். கனமான திரை ஒன்றும் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு கம்பளமும் போட்டால் அந்தக் குத்தல் குறையும். ஸ்பீக்கரைச் சுவரை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தினால் அடித்தொனி ஏறும், விலக்கினால் இறங்கும். கம்பளத்தின் விலையையும் வால்வு பெட்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கம்பள யோசனையைச் சொல்ல எந்த ஆம்ப்ளிஃபையர் விற்பனையாளருக்கும் காரணமில்லை.

சரி, ஆம்ப்ளிஃபையரே வாங்க வேண்டாமா? வேண்டும், அது இல்லாமல் ஸ்பீக்கர் பேசாது. நான் வாங்கினால் முதலில் தேடுவது பேஸ், டிரெபிள் என்ற அந்த இரண்டு குமிழ்களைத்தான். பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952இல் வெளியிட்ட சுற்று இன்றும் பல பெட்டிகளில் இந்தக் குமிழ்களுக்குப் பின்னால் இருக்கிறது. பேஸை 2, 3 டெசிபல் ஏற்றி, டிரெபிளை அதே அளவு இறக்கினால் நீங்கள் கேட்ட இதம் வந்துவிடும். பிடிக்காவிட்டால் நடுவுக்குத் திருப்பிவிடலாம். வால்வு பெட்டியில் இதத்தை அணைக்க முடியாது, எம்.எஸ். பாடினாலும் ராக் இசைக்குழு பாடினாலும் ஒரே பூச்சுதான். ஆனால் ஒலிப்பிரியர்கள் சிலருக்கு இந்தக் குமிழ்கள் என்றால் ஒரு தீட்டு. அவர்களுக்காகவே குமிழ்களைத் தாண்டிச்செல்ல 'டைரெக்ட்' என்ற பொத்தானை வைக்கிறார்கள், சில விலையுயர்ந்த பெட்டிகளில் குமிழே இருக்காது. இரண்டு குமிழை எடுத்துவிட்டு விலையை ஏற்றுவதை நான் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

குமிழை எல்லைவரை திருகாதீர்கள். 3 டெசிபல் ஏற்றம் என்றால் அந்தத் தொனிக்கு இரண்டு மடங்கு வாட், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. சின்ன ஸ்பீக்கர் திணறிவிடும்.

வாட் எவ்வளவு வேண்டும்? 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருவது சாதாரண வீட்டு ஸ்பீக்கரின் தரம். 10 வாட்டுக்கு 97, 100 வாட்டுக்கு 107. ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கும் 70, 75 டெசிபலுக்கு ஒரு வாட்கூட ஆகாது. தவில் தனி ஆவர்த்தனம் வரும் கணங்களுக்கு இடம் விட்டாலும் 40, 50 வாட் உள்ள பெட்டி தாராளம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஆம்ப்ளிஃபையர் 4 ஓமுக்கு ஏற்றதா என்று மட்டும் பின்பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள பத்து ரிங்கிட்டில் ஆறோ ஏழோ ஸ்பீக்கருக்குப் போகட்டும் என்பது என் கணக்கு.

ஒப்பிட்டுக் கேட்கக் கடைக்குப் போவீர்கள். பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கோர்ப் மாலோ, சிங்கப்பூரின் அடெல்ஃபியோ, சுற்றிப்பார்க்கவே சுகமான இடங்கள். அங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், "இதில் சத்தம் கூட" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இதில் ஒலி நிறைவாக, இதமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். ஆகவே இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் ஒலிக்காத ஒப்பீடு செல்லாது. அறிவியல் மன்றத்தில் இதைச் சோதனையாகவே செய்யலாம். ஆசிரியர் உடனிருக்க, 100 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து, இரண்டு பெட்டிகளின் மின்னழுத்தமும் ஒரு சதவீதத்துக்குள் பொருந்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் அங்கே தவறான எண் காட்டக்கூடும். பிறகு பெட்டிகளைத் துணியால் மறைத்து, எது ஓடுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டித் தீர்மானித்து, பத்து முறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் பத்துக்கு ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கான நிகழ்தகவு 1,024இல் 11 மட்டுமே. ஒருவர் அந்த எண்ணைத் தொட்டால், அவருக்கு வித்தியாசம் உண்மையில் கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு என்று வந்தால் விலைச்சீட்டை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னதால் வால்வு பிரியர்கள் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். கித்தார் கலைஞர்கள் வால்வை நாடுவது வேறு கதை. அவர்களுக்கு அந்தத் திரிபு வாத்தியத்தின் ஒரு பகுதி. இருட்டில் அந்தக் குழாய்கள் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே பழைய இசைத்தட்டு கேட்பது ஒரு தனி சுகம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். சுகத்துக்குப் பணம் கொடுக்கிறேன் என்று தெரிந்தே கொடுக்கிறார். கூடவே, சும்மா இருக்கும்போதும் 100 வாட்டுக்கு மேல் மின்சாரத்தை வெப்பமாக்கும் வால்வு பெட்டிகள் உண்டு. குளிர்நாட்டில் அது அறைக்கு வரவு. நமக்கோ அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏர்கோனுக்கு இன்னொரு செலவு.

தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று உங்கள் ஸ்டோர் அறையில் தூசி படிந்து கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் நீங்களாக மூடியைத் திறக்கவும் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓடவிட்டால் உள்ளிருக்கும் மின்மாற்றியும் கெட்டுப்போகலாம். விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய், அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அகமின்தடை எத்தனை ஓம் என்றும் கேட்டு வையுங்கள்.